வட்டிக்குள் ஒளிந்திருக்கும் அசல்: பணவீக்கமும் அரசின் பற்றாக்குறைக் கணக்கும்

இரண்டு அரசுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஆண்டின் தொடக்கத்தில் 1,000 கோடி கடன் இருக்கிறது. வட்டி தவிர்த்த எல்லாச் செலவுகளையும் இரண்டுமே வரி வருவாயைக் கொண்டு சரிக்கட்டிவிடுகின்றன. வட்டி கட்டுவதற்கு மட்டும்தான் புதிதாகக் கடன் வாங்குகின்றன. இரண்டு நாடுகளின் பொருளாதாரமும் 2,000 கோடி அளவுள்ளது. வளர்ச்சி இல்லை என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு ஒன்றுதான். முதல் நாட்டில் விலைகள் அசையவில்லை. இரண்டாம் நாட்டில் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறுகின்றன. கடன் கொடுத்தவர்கள் இரு நாடுகளிலும் ஒன்றையே கேட்கிறார்கள்: ஆண்டு முடிவில் தங்கள் பணத்தின் வாங்கும் சக்தி 3 சதவீதம் கூடியிருக்க வேண்டும். முதல் நாட்டில் இதற்கு 3 சதவீத வட்டி போதும். இரண்டாம் நாட்டில் 13.3 சதவீதம் கொடுத்தால்தான் அதே பலன் கிடைக்கும். 100 என்பது 110 ஆனால்தான் பழைய வாங்கும் சக்தி மீளும், அந்த 110க்கு மேல் 3 சதவீதம் சேர்ந்தால் 113.3.

ஆண்டு முடிவில் முதல் அரசின் பற்றாக்குறை 30 கோடி; பொருளாதாரத்தில் 1.5 சதவீதம். இரண்டாம் அரசின் பற்றாக்குறை 133 கோடி. விலை ஏறியதால் 2,200 கோடியாகிவிட்ட பொருளாதாரத்தில் அது ஏறத்தாழ 6 சதவீதம். செய்தித்தாளில் இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், முதல் அரசைச் சிக்கனமானது என்றும் இரண்டாவதை ஊதாரி என்றும் முடிவு கட்டிவிடுவார். ஆனால் கடன் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். முதல் நாட்டில் கடன் 1,030 கோடி, பொருளாதாரத்தில் 51.5 சதவீதம். இரண்டாம் நாட்டில் கடன் 1,133 கோடி, 2,200 கோடியில் அதுவும் 51.5 சதவீதம். ஆண்டின் தொடக்க விலைகளுக்கு மாற்றினால் 1,133 கோடியும் 1,030 கோடியே. மெய்யான நிலையில் இம்மியும் வேறுபடாத இரண்டு அரசுகளுக்கு, வழக்கமான பற்றாக்குறைக் கணக்கு நான்கு மடங்கு வேறுபட்ட மதிப்பெண் தருகிறது.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை, அரசுக் கணக்கு முறையின் ஒரு பழைய வழக்கத்தில் இருக்கிறது. நிதிநிலை அறிக்கையில் ஒரு கோடு உண்டு. வட்டி அந்தக் கோட்டுக்கு மேலே, செலவோடு செலவாக எழுதப்படும். வாங்கிய கடனின் அசலைத் திருப்பிக் கொடுப்பது கோட்டுக்குக் கீழே போகும். அது செலவல்ல, பழைய கடனைத் தீர்ப்பது மட்டுமே என்பதால் பற்றாக்குறையில் சேராது. விலைகள் நிலையாக இருக்கும்வரை இந்தப் பிரிவினையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலைகள் ஏறத் தொடங்கியதும் வட்டி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் புகுந்துகொள்கின்றன. இரண்டாம் அரசு கட்டிய 133 கோடியில் 33 கோடிதான் கடனின் உண்மையான விலை. அது ஆண்டு முடிவின் விலையில் கணக்கிட்ட 30 கோடி. மீதி 100 கோடி, கடன் கொடுத்தவரின் அசலில் பணவீக்கம் அரித்துவிட்ட பகுதிக்கான ஈடு. கணக்கில் அதன் பெயர் வட்டி. தன்மையில் அது அசலின் ஒரு தவணை. கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய தொகை, பணவீக்கத்தின் தயவால் கோட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

கடன் கொடுத்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கைக்கு வந்த 133 கோடி முழுவதையும் வருமானம் என்று நினைத்து அவர் செலவழித்துவிட்டால், ஆண்டு முடிவில் அவரிடம் எஞ்சும் 1,000 கோடிக்கு முன்பு 909 கோடிக்கு வாங்க முடிந்த பொருள்கள்தாம் கிடைக்கும். அறிந்தோ அறியாமலோ அவர் தன் முதலைத் தின்றிருக்கிறார். நிலைமையைப் புரிந்துகொண்டவர் 100 கோடியைத் தனியே எடுத்து மறுபடி அரசின் பத்திரத்திலேயே போடுவார். அப்படிச் செய்தால் அரசுக்கு அந்த 100 கோடியைத் திரட்டுவதில் எந்தச் சிரமமும் இராது. வேறு யாருடைய சேமிப்பையும் அது தட்டிப் பறிக்க வேண்டியதில்லை. பணவீக்க ஈட்டைப் பற்றாக்குறையிலிருந்து கழித்துவிட வேண்டும் என்ற வாதத்தின் உயிர்நாடி இந்த ஊகத்தில்தான் இருக்கிறது. வாதத்தின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பிரேசிலும் மெக்சிகோவும் நடத்திய பாடம்

பணவீக்கம் 3 அல்லது 4 சதவீதமாக இருக்கும் நாட்டில் இதையெல்லாம் புள்ளிவிவரக்காரர்களின் நுணுக்கம் என்று ஒதுக்கிவிடலாம். 1980களின் லத்தீன் அமெரிக்காவில் அப்படி ஒதுக்க முடியவில்லை. பிரேசில் 1964லேயே அரசுக் கடன் பத்திரங்களின் அசலை விலைவாசிக்கு ஏற்பத் திருத்தும் முறையைக் கொண்டுவந்திருந்தது. பணத்திருத்தம் என்று அழைக்கப்பட்ட இந்த ஏற்பாடு, பணவீக்கத்துக்கு நடுவிலும் மக்களை நீண்ட காலக் கடன் பத்திரங்களை வாங்க வைத்தது. ஆனால் அதன் விளைவாக, விலைகள் எவ்வளவு ஏறுகின்றனவோ அவ்வளவும் அரசின் கடன் தேவையாகக் கணக்கில் ஏறியது.

கடன் நெருக்கடியில் சிக்கிய பிரேசில், 1983இன் தொடக்கத்தில் பன்னாட்டு நாணய நிதியத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. பொதுத்துறையின் மொத்தக் கடன் தேவைக்கு உள்நாட்டு நாணயத்தில் ஓர் உச்சவரம்பு போடப்பட்டது. அந்த வரம்பு, பணவீக்கம் குறையும் என்ற எதிர்பார்ப்பின் மேல் கட்டப்பட்டிருந்தது. நடந்தது நேர்மாறு: நாணய மதிப்பு குறைக்கப்பட்டது, பணவீக்கம் 200 சதவீதத்தைத் தாண்டியது, பணத்திருத்தம் அதைத் துரத்திக்கொண்டே போனது, சில மாதங்களுக்குள்ளேயே வரம்பு தகர்ந்தது, நிதியம் தவணையை நிறுத்தியது. அரசு ஆடம்பரமாகச் செலவு செய்ததால் வரம்பு தகரவில்லை. கணித்த பணவீக்கம் தவறிப்போனதுதான் காரணம். என்னென்ன செய்யப்போகிறோம் என்று நிதியத்துக்கு வாக்களிக்கும் எண்ணக் கடிதங்களை இரண்டே ஆண்டுகளில் ஏழு முறை எழுதித் தர வேண்டிய நிலை பிரேசிலுக்கு ஏற்பட்டது. இந்தத் தடுமாற்றத்தின் நடுவில்தான் பணவீக்க ஈட்டைக் கழித்த பற்றாக்குறை என்ற அளவு பேச்சுவார்த்தை மேசைக்கு வந்து இடம்பிடித்தது. அதைச் செயல்பாட்டுப் பற்றாக்குறை என்று அழைத்தார்கள்.

ஆக, ஒரே அரசுக்கு மூன்று எண்கள். வட்டி முழுவதையும் சேர்த்தது வழக்கமான பற்றாக்குறை. வட்டியை அடியோடு நீக்கியது முதன்மைப் பற்றாக்குறை. இந்த ஆண்டு அரசு தன் கையால் எடுத்த முடிவுகளை அது காட்டுகிறது, முன்னோர் வாங்கிய கடனின் சுமையை விட்டுவிடுகிறது. வட்டியின் மெய்ப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஈட்டுப் பகுதியைக் கழித்தது செயல்பாட்டுப் பற்றாக்குறை. இந்த மூன்றும் எவ்வளவு தூரம் பிரிந்து நிற்க முடியும் என்பதற்கு 1987இன் மெக்சிகோவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அந்த ஆண்டு அங்கே பணவீக்கம் ஏறத்தாழ 160 சதவீதம். பொதுத்துறையின் வழக்கமான பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 16 சதவீதம். எந்த நாட்டின் நிதியமைச்சரையும் தலைகுனிய வைக்கும் எண். அதே ஆண்டில் முதன்மைக் கணக்கில் சுமார் 5 சதவீத உபரி இருந்தது. பணவீக்க ஈட்டைக் கழித்த செயல்பாட்டுக் கணக்கிலும் சிறிதளவு உபரியே இருந்தது. அந்த ஆண்டின் டிசம்பரில் அரசு, தொழிற்சங்கங்கள், தொழில் முனைவோர் ஆகிய முத்தரப்பும் விலைகளையும் கூலியையும் கட்டுப்படுத்த உடன்பட்ட பிறகு பணவீக்கம் சரிந்தது. இரண்டே ஆண்டுகளில் வழக்கமான பற்றாக்குறை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த இறக்கத்தில் ஒரு பங்கு அரசின் கூடுதல் சிக்கனம். பெரும் பங்கு, வட்டிக்குள் ஒளிந்திருந்த ஈடு கரைந்துபோனது.

இங்கே ஒரு பழைய வழக்கு எழுகிறது. பணவீக்கத்துக்குக் காரணம் பற்றாக்குறையா, பற்றாக்குறைக்குக் காரணம் பணவீக்கமா? செயல்பாட்டுக் கணக்கை ஆதரித்தவர்கள் இரண்டாவதைச் சொன்னார்கள்: பணவீக்கத்தை வேறு வழியில் நிறுத்துங்கள், பற்றாக்குறை தானாக வடியும். எதிர்த்தவர்களோ, இந்தத் திருத்தம் நோயாளியின் உடல் வெப்பத்தைக் காய்ச்சலைக் கழித்துவிட்டுச் சொல்வது போன்றது என்றார்கள். என் கணிப்பில் எதிர்ப்பாளர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. 100 கோடி ஈட்டைத் தனியே எடுத்து மீண்டும் அரசுப் பத்திரத்தில் போடும் முதலீட்டாளரைப் பற்றி மேலே சொன்னேன். அவர் அப்படிச் செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அரசின் மேல் நம்பிக்கை குறையும்போது அவர் அந்த ஈட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வெளிநாட்டு நாணயத்துக்கோ நிலத்துக்கோ ஓடுவார். சிலர் அதை வருமானம் என்று எண்ணிச் செலவும் செய்வார்கள். அந்த நாளில் கருவூலம் திரட்டியாக வேண்டியது செயல்பாட்டுப் பற்றாக்குறையின் 33 கோடியை அல்ல, 133 கோடியை. முடியாவிட்டால் மத்திய வங்கிதான் பணத்தை அச்சிட்டுத் தர வேண்டும். அது அடுத்த சுற்றுப் பணவீக்கத்துக்கு விறகாகும். ஆகவே, கடன் பளு மெய்யாகக் கூடுகிறதா என்று அறியச் செயல்பாட்டுக் கணக்கு வேண்டும். நிதிச் சந்தையில் இந்த அரசு எவ்வளவு பணத்துக்குக் கையேந்தப் போகிறது என்று அறிய வழக்கமான கணக்கு வேண்டும். ஒன்றைக் கேட்ட கேள்விக்கு மற்றொன்றை விடையாகத் தருவதில்தான் ஏமாற்று தொடங்குகிறது. பணவீக்கம் மிகுந்த நாடுகளின் நிதியமைச்சகங்களுக்கு எப்போதும் எந்த எண் சிறியதோ அதன் மேல்தான் பாசம் அதிகம்.

பழைய பத்திரங்களின் மௌனம்

இதுவரை சொன்னதெல்லாம், கடன் கொடுத்தவர்கள் பணவீக்கத்தை முன்கூட்டியே எதிர்பார்த்து அதற்கேற்ற வட்டியைக் கேட்டுவிட்டார்கள் என்ற நிலைக்குப் பொருந்தும். எதிர்பாராமல் வரும் பணவீக்கம் வேறு விதமாக வேலை செய்கிறது. முதல் அரசு தன் 1,000 கோடிக் கடனை 3 சதவீத நிலையான வட்டியில், 20 ஆண்டுப் பத்திரங்களாக வாங்கியிருந்தது என்று கொள்வோம். திடீரென்று விலைகள் 10 சதவீதம் ஏறுகின்றன. வட்டி அதே 30 கோடிதான். பற்றாக்குறையும் 30 கோடிதான். கணக்கேட்டில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் ஆண்டு முடிவில் நிற்கும் 1,030 கோடிக் கடன், பழைய விலையில் 936 கோடிதான். அரசின் மெய்க்கடன் குறைந்திருக்கிறது. ஈட்டைக் கழித்துப் பார்த்தால் 70 கோடி உபரி. பத்திரம் வைத்திருந்தவர்களிடமிருந்து அரசுக்குச் செல்வம் கைமாறியிருக்கிறது. அதை யாரும் வரி என்று சட்டமன்றத்தில் முன்மொழியவில்லை, நிதிநிலை அறிக்கையின் எந்த வரியிலும் அது பதிவாகவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசு பொதுமக்களுக்கும் நிறுவனங்களுக்கும் பட்டிருந்த கடன் அந்நாட்டு உற்பத்தியைவிட அதிகமாக இருந்தது. 1974 வாக்கில் அது உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. வளர்ச்சியும் முதன்மை உபரிகளும் அதற்கு உதவின. ஆனால் போர்க்காலத்தில் தாழ்வான வட்டிக்கு விற்ற பத்திரங்களைப் பணவீக்கம் அரித்தது, குறிப்பாக 1946இல் விலைக் கட்டுப்பாடுகள் நீங்கியவுடன் வந்த பணவீக்கம் அரித்தது, சிறிய காரணமல்ல. பொருளியலாளர் ராபர்ட் ஐஸ்னர், பால் பீப்பருடன் சேர்ந்து 1984இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கை 1970களுக்கு நீட்டினார். பற்றாக்குறை மிகுந்தவை என்று எல்லோரும் ஏசிய அந்தப் பத்தாண்டின் பிற்பகுதி ஆண்டுகள், பணவீக்கத்தையும் பத்திரங்களின் சந்தை மதிப்பையும் கணக்கில் எடுத்தால் உபரி ஆண்டுகளாக மாறின. அரசு மிகையாகச் செலவிட்டுப் பொருளாதாரத்தைச் சூடேற்றியது என்ற அன்றைய பரவலான குற்றச்சாட்டு, அளவுகோலை மாற்றியதும் தன் ஆதாரத்தை இழந்தது. அவர் எடுத்த முடிவுகள் அனைத்தையும் ஏற்காதவர்கள்கூட அவர் எழுப்பிய கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை.

ஒரே பணவீக்கம் ஒரு நாட்டின் பற்றாக்குறையை ஊத வைப்பதும், இன்னொரு நாட்டில் சத்தமில்லாமல் கடனைக் கரைப்பதும் கடன் எந்த வடிவில் வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. குறுகிய காலப் பத்திரங்களும் மிதக்கும் வட்டிக் கடன்களும் சில மாதங்களில் புதிய வட்டிக்கு மாறிவிடும். நீண்ட காலப் பத்திரங்கள் முதிரும்வரை மௌனம் காக்கும். விலைக் குறியீட்டெண்ணோடு இணைத்த பத்திரங்களோ உடனுக்குடன் கூச்சலிடும்.

இந்த மூன்றாம் வகையின் நடத்தையை பிரிட்டன் 2022இல் கண்டது. 1981இல் முதன்முதலாக இத்தகைய பத்திரங்களை வெளியிட்ட அந்த அரசின் கடனில் இன்று ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவற்றில் இருக்கிறது. பிற பெரிய நாடுகளை விட இது மிக உயர்ந்த பங்கு. 2022 அக்டோபரில் பிரிட்டனின் சில்லறை விலைக் குறியீட்டெண் 14.2 சதவீதம் ஏறியபோது, அந்தப் பத்திரங்களின் அசல் அதே விகிதத்தில் வீங்கியது. அந்த வீக்கம் கையில் கொடுக்க வேண்டிய பணமல்ல. பத்திரம் முதிரும்போதுதான், சிலவற்றில் பல பத்தாண்டுகள் கழித்துத்தான், அதைக் கொடுக்க வேண்டும். ஆனால் பன்னாட்டுக் கணக்கியல் விதிகளின்படி அது சேரும் மாதத்திலேயே வட்டியாக எழுதப்படுகிறது. விளைவாக 2022-23 நிதியாண்டில் கடன் வட்டிச் செலவு 10,000 கோடி பவுண்டைத் தாண்டியது, மாதாமாதம் அதிர்ச்சிச் செய்திகள் வந்தன. அதே மாதங்களில் மீதி முக்கால் பங்குக் கடன், அதாவது சாதாரணப் பத்திரங்கள், மெய்மதிப்பில் பெருமளவு கரைந்துகொண்டிருந்தது. அந்த ஆதாயத்துக்குப் பற்றாக்குறைக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. இணைத்த பத்திரத்தின் நட்டத்தை முழுமையாகப் பதியும் விதி, இணைக்காத பத்திரத்தின் இலாபத்தைக் கண்டும் காணாமல் விடுகிறது. இரண்டில் எதையாவது ஒன்றைச் செய்யட்டும் என்று கணக்கியலாளர்களிடம் கேட்கத் தோன்றுகிறது.

வெளிநாட்டு நாணயத்தில் வாங்கிய கடனில் இந்தக் கோணல் வேறொரு திசையில் திரும்புகிறது. உள்நாட்டு நாணயக் கடனில் பணவீக்க ஈடு வட்டிக்குள் வந்துவிடுகிறது. டாலர் கடனில் வட்டி தாழ்வாக இருக்கும். உள்நாட்டு நாணயம் சரியும்போது கடனின் அசல் உள்நாட்டுக் கணக்கில் பெருக்கும், ஆனால் அது மதிப்பு மாற்றம் என்ற தலைப்பில் பற்றாக்குறைக்கு வெளியே பதிவாகும். எனவே உயர்ந்த வட்டியுள்ள உள்நாட்டுப் பத்திரங்களைத் தாழ்ந்த வட்டியுள்ள டாலர் இணைப்புப் பத்திரங்களாக மாற்றிக்கொள்ளும் அரசின் பற்றாக்குறை, ஒரு காசைக்கூட மிச்சம் பிடிக்காமல் குறைந்துவிடும். மெக்சிகோ 1994இல் தன் பெசோ பத்திரங்களைப் பெருமளவில் டெசொபோனோ என்ற டாலர் இணைப்புப் பத்திரங்களாக மாற்றியது. முதலீட்டாளர்களைத் தக்கவைப்பதே அதன் முதன்மை நோக்கம். வட்டிச் செலவு குறைந்தது உடன் கிடைத்த ஆறுதல். அந்த ஆண்டு டிசம்பரில் பெசோ சரிந்தபோது, வட்டியில் காட்டப்படாத விலை முழுவதும் அசலில் வந்து விழுந்தது.

வரியும் செலவும் பணவீக்கத்தின் பிடியில்

வட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், பணவீக்கம் வட்டியை மட்டும்தான் திரிக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். வரி வருவாயையும் அது தொடுகிறது, அதுவும் கணக்கில் மட்டுமல்லாமல் மெய்யாகவே. வருமானம் ஈட்டிய நாளுக்கும் அதன் மேலான வரி கருவூலத்தைச் சேரும் நாளுக்கும் இடையில் ஒரு கால இடைவெளி எப்போதும் உண்டு. அந்த இடைவெளி மூன்று மாதம் என்றும், விலைகள் மாதத்துக்கு 2 சதவீதம் ஏறுகின்றன என்றும் கொண்டால், வந்து சேரும் வரியின் மெய்மதிப்பு 94 சதவீதம். மாதத்துக்கு 20 சதவீதம் ஏறினால் 58 சதவீதம்தான். அர்ஜென்டினாவின் பொருளியலாளர் ஹூலியோ ஒலிவேரா 1960களிலும், பன்னாட்டு நாணய நிதியத்தின் விட்டோ டான்சி 1977இலும் எடுத்துக்காட்டிய இந்த அரிப்பு இன்று அவர்கள் இருவரின் பெயராலும் வழங்குகிறது. இதன் கொடுமை அதன் சுழற்சியில் இருக்கிறது: பற்றாக்குறையை ஈடுகட்டப் பணம் அச்சிடப்படுகிறது, விலை ஏறுகிறது, வரியின் மெய்மதிப்பு சரிகிறது, பற்றாக்குறை மேலும் விரிகிறது. 1923இன் ஜெர்மனியில் வரி செலுத்துவதைச் சில வாரங்கள் தள்ளிப்போட்டவர் ஏறத்தாழ ஒன்றுமே செலுத்தாதவர் ஆனார்.

மிதமான பணவீக்கத்தில் விளைவு எதிர்த்திசையில் போகும். ஏறுமுக வருமான வரி விகிதங்களின் எல்லைகள் பழைய தொகைகளிலேயே நிற்க, சம்பளம் விலைவாசியோடு ஏறினால், மெய்வருமானம் கூடாதவரும் உயர்ந்த வரி விகிதத்துக்குள் தள்ளப்படுவார். சட்டம் எதையும் மாற்றாமலே அரசின் வருவாய் பெருகும். அமெரிக்கா 1981இல் சட்டம் இயற்றி, 1985 முதல் இந்த எல்லைகளை விலைக் குறியீட்டெண்ணோடு இணைத்தது இதைத் தடுக்கத்தான். இதன் நெருங்கிய உறவு, வட்டி வருமானத்தின் மேலான வரி. நம் இரண்டாம் நாட்டில் வட்டிக்கு 20 சதவீத வரி இருந்தால், 133 கோடியில் 26.6 கோடி அரசிடமே திரும்பி வரும். முதல் நாட்டில் வருவது 6 கோடி. வரி போகப் பத்திரக்காரருக்கு எஞ்சும் 106.4 கோடியில் அசலின் தேய்மானத்துக்கு 100 கோடி போனால், மெய்யான ஆதாயம் 6.4 கோடி மட்டுமே. முதல் நாட்டில் அது 24 கோடி. ஈடு என்பது வருமானம் அல்ல என்று செயல்பாட்டுக் கணக்கில் வாதிடும் அதே அரசு, வரி வசூலிக்கும்போது அதை வருமானம் என்றே கொள்கிறது.

செலவுப் பக்கத்திலும் பணவீக்கத்துக்கு வேலை உண்டு. நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்ட தொகை ஆண்டின் தொடக்க விலைகளில் எழுதப்பட்டது. பணத்தை விடுவிப்பதைத் தாமதித்தாலே போதும். சம்பள உயர்வைச் சில மாதம் தள்ளிப்போட்டாலே போதும். செலவின் மெய்மதிப்பு தானாகச் சுருங்கிவிடும். பொருளியலாளர் டான் பேட்டின்கின் இஸ்ரேலின் அனுபவத்திலிருந்து விளக்கிய இந்த விளைவு, பிரேசிலில் மிகத் துலக்கமாகத் தெரிந்தது. அங்கே நாடாளுமன்றம் தாராளமாக ஒதுக்கும், கருவூலம் மெதுவாக விடுவிக்கும், இரண்டுக்கும் இடையிலான சண்டையைப் பணவீக்கம் தீர்த்து வைக்கும். 1994இல் ரியால் என்ற புதிய நாணயம் வந்து விலைகள் அடங்கியபோது அந்தச் சமரசக்காரர் காணாமல் போனார். அந்த ஆண்டு இருந்த பெரிய முதன்மை உபரி, அடுத்த ஆண்டே ஏறத்தாழ மறைந்துவிட்டது. உயர்ந்த பணவீக்கத்தில் பதிவாகும் முதன்மைக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று. பணவீக்கம் நின்ற பிறகு எஞ்சக்கூடிய பற்றாக்குறை, இருக்கும்போது தெரியும் பற்றாக்குறையைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

மத்திய வங்கியையும் இந்தக் கணக்கில் விட்டுவிட முடியாது. அரசின் 1,000 கோடிக் கடனில் 100 கோடியை மத்திய வங்கி வாங்கி, அதற்கு ஈடாகப் பணத்தாள்களை வெளியிட்டிருந்தால், அந்த 100 கோடிக்கு அரசு கட்டும் 13.3 கோடி வட்டி மத்திய வங்கியின் இலாபமாகி அரசுக்கே திரும்பிவிடும். பணத்தாளை வைத்திருக்கும் மக்களுக்கு வட்டி கிடையாது. அதன் மதிப்பு தேய்வது அவர்கள் கட்டும் வரி. கணக்கில் அது மத்திய வங்கி உபரி என்ற கண்ணியமான பெயரில் வருவாயாகச் சேர்ந்து பற்றாக்குறையைக் குறைக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1980களின் அர்ஜென்டினாவில் மத்திய வங்கி, வணிக வங்கிகளின் இருப்புகளுக்குப் பெரும் வட்டி கொடுத்து நட்டப்பட்டது. அந்த நட்டம் நிதிநிலை அறிக்கைக்கு வெளியே நின்றதால், அரசின் பற்றாக்குறை என்று சொல்லப்பட்ட எண் உண்மையை வெகுவாகக் குறைத்துக் காட்டியது.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் ஓர் எளிய கூட்டல் பிரச்சினை மிஞ்சும். விலைகள் மாதத்துக்கு 20 சதவீதம் ஏறும் நாட்டில் அரசு ஒவ்வொரு மாதமும் மெய்மதிப்பில் ஒரே அளவு செலவு செய்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டு மொத்தத்தில் கடைசி மூன்று மாதங்களின் பங்கு 47 சதவீதம் வரும். ஜனவரியின் பணத்தையும் டிசம்பரின் பணத்தையும் ஒரே பணம் போல் கூட்டியதன் பலன் அது. வரி பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதியில் வந்து, செலவு ஆண்டின் இறுதியில் குவியும் அரசுக்கு, மெய்யாகச் சமநிலையில் இருந்தாலும், பயங்கரமான பற்றாக்குறை தோன்றும். ஒவ்வொரு மாதத்தின் கணக்கையும் அம்மாத விலைக் குறியீட்டெண்ணால் வகுத்த பிறகே கூட்ட வேண்டும். எந்தக் குறியீட்டெண் என்பது அடுத்த சச்சரவு. நுகர்வோர் விலையும் மொத்த விலையும் பல புள்ளிகள் விலகும் ஆண்டுகளில், தேர்வைப் பொறுத்துச் செயல்பாட்டுப் பற்றாக்குறை கூடவோ குறையவோ செய்யும்.

விலைகள் சரியும்போது எல்லாம் தலைகீழாகும். வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், பற்றாக்குறை சிறிதாகத் தெரியும், கடனின் மெய்ச்சுமையோ ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். பணவீக்கத்தில் மிகையாகக் காட்டும் அளவுகோல் இங்கே குறைத்துக் காட்டுகிறது.

அதிகாரப்பூர்வ வரம்புகள் பெரும்பாலும் திருத்தப்படாத வழக்கமான கணக்கின் மேல்தான் எழுதப்படுகின்றன என்பதால், இந்தக் கோணல் சட்டத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது. 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் ஐரோப்பிய நாடுகளின் பற்றாக்குறைக்கு உற்பத்தியில் 3 சதவீதம், கடனுக்கு 60 சதவீதம் என்று எல்லை வகுத்தது. இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால், விலையேற்றமும் சேர்ந்த பொருளாதார வளர்ச்சி ஆண்டுக்கு சுமார் 5 சதவீதமாக இருக்க வேண்டும். அந்த வேகத்தில் 3 சதவீதப் பற்றாக்குறையை என்றென்றும் தொடர்ந்தால் கடன் ஏறத்தாழ 60 சதவீதத்தில் போய் நிற்கும். வேகம் 2 சதவீதத்துக்குச் சரிந்தால் அதே 3 சதவீதம் கடனை 150 சதவீதம் நோக்கி இழுக்கும். வேகம் 10 சதவீதமானால் 33 சதவீதத்தில் நிறுத்திவிடும். எல்லை ஒன்றுதான், பணவீக்கத்தைப் பொறுத்து அது அனுமதிக்கும் கடன் பல. 2010களின் தாழ்ந்த பணவீக்கத்தில், வேகம் சரிந்த நிலையின் சாயல் தெரிந்தது. 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் யூரோ நாடுகளின் மொத்தப் பற்றாக்குறை 3 சதவீத எல்லைக்கு மேலேயே இருந்தது. ஆனால் விலைகள் வேகமாக ஏறிய அந்த இரண்டு ஆண்டுகளிலும் உற்பத்தியோடு ஒப்பிட்ட அவற்றின் கடன் பல புள்ளிகள் இறங்கியது.